ஐயமுற்ற உணவு

2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருளில் மூழ்கின. அத்தகைய வேளையில், குளிர்சாதனப் பெட்டியிலுள்ள உணவை உண்ணலாமா என்னும் வினா எழுகின்றது.

கதவைத் திறவாதிருப்பின், பெட்டியினுள் குளிர்ச்சி ஏறக்குறைய 4 மணி நேரம் நிலைக்கும். அதன்பின் பால், மீன், இறைச்சி, சோறு ஆகியவற்றில் கிருமிகள் விரைந்து பெருகும். அவற்றுட் சில நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சை முகர்ந்தோ சுவைத்தோ அறிய இயலாது. மீண்டும் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியலாம். நஞ்சோ எளிதில் அழியாது.

மாணவர்களே! உணவை வீணாக்காமை நல்லறமே. ஆயின், கெட்டதை உண்பது சிக்கனமன்று. உரிய நேரத்துக்குள் எடுத்து உண்ணுதலே சிக்கனம். காலங்கடந்து ஐயமுற்றதைத் தயங்காது அகற்றுங்கள். ஒரு கலம் சோற்றினும் ஓர் உயிர் பெரிதன்றோ!