மாறாத மாறி

ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழிகளில் பல ஆண்டு கை பழகிய நாம், ஹாஸ்கெல் என்னும் மொழியைப் படிக்க அமர்ந்தால் முதல் நாளே திகைத்து நிற்போம். கணித அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயரைத் தாங்கி 1990-இல் வெளிவந்த மொழி இது. கணக்குப் பாடத்தில் வரும் 'சார்பு' என்பதே இதன் அடிப்படை.

ஜாவாவில் நாம் செய்வது என்ன? 'மாணவி' என்றொரு பொருளைப் படைத்து, மதிப்பெண்ணை அதனுள் வைத்து, வேண்டும்போது மாற்றுகிறோம். 'க = க + 1' என்றால், க-வில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி மீண்டும் க-விலேயே வை என்று பொருள். எட்டாம் வகுப்பு மாணவியிடம் இதைக் காட்டினால், "இது எப்படிச் சமமாகும்?" என்று சிரிப்பாள். ஹாஸ்கெலும் அவள் கட்சிதான்! அங்கே சமக்குறி உண்மையிலேயே சமக்குறி. அதே வரியை அங்கு எழுதினால், க-வை அறிய க + 1 வேண்டும்; அதை அறிய மறுபடி க வேண்டும்; விடை கிட்டாமல் கணிப்பொறி சுற்றிக்கொண்டே இருக்கும். மாறி என்று பெயர், ஆனால் மாறாது.

அப்படியானால் 62, 75, 48 என்னும் மதிப்பெண்களுக்கு ஐந்தைந்து கூட்டுவது எங்ஙனம்? 67, 80, 53 என்று புதிய பட்டியல் பிறக்கும். பழையது அப்படியே இருக்கும். இது வீண் செலவன்றோ என்று பழகிய மனம் முணுமுணுக்கும். எப்போதும் அப்படியன்று. பட்டியலின் தலையில் ஓர் எண்ணைச் சேர்த்தால், பழைய பட்டியல் படியெடுக்கப்படுவதில்லை. அதுவே புதியதன் வாலாகிவிடுகிறது. யாரும் அதை மாற்ற முடியாதாகையால் பகிர்ந்துகொள்வதில் அச்சமில்லை. ஜாவாவில் ஒரு மதிப்பெண் தவறாக வந்தால், அதை மாற்றக்கூடிய இடங்களையெல்லாம் தேடி அலைய வேண்டும். இங்கோ அது எந்த மதிப்புகளிலிருந்து பிறந்தது என்று பார்த்தால் போதும். ஜாவாவே 2014-இல் தன் 8-ஆம் பதிப்பில் சார்பு மொழிகளின் 'லாம்டா' முறையை ஏற்றுக்கொண்டது.

அடுத்த திகைப்பு, 'ஃபார்' என்னும் மடக்குக் கட்டளை இல்லாதது. கூட்டுத்தொகை வேண்டுமா? வெற்றுப் பட்டியலின் கூட்டுத்தொகை 0. மற்றப் பட்டியலுக்கோ, முதல் எண்ணோடு எஞ்சிய பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர்க்க வேண்டும். இவ்வளவே, இரண்டு வரி. 62-ஐ எடுத்தால் எஞ்சுவது 75, 48, பிறகு 48, பிறகு வெறுமை. 'இதைச் செய், அதைச் செய்' என்று ஏவியே பழகிய நமக்கு, 'இது இன்னது' என்று சொல்லி நிறுத்துவதுதான் பெரும்பாடு. கை தானாகவே மடக்கைத் தேடும்.

இதே முறையில் பெருக்கற்பலன் காண மாணவியர் முயலலாம். வெற்றுப் பட்டியலுக்கு மட்டும் 0 என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் எந்தப் பட்டியலுக்கும் 0-தான் வரும். அங்கே 1 வேண்டும்.