கள்ளி நாற்றுக்கு ஏற்ற மண் கலவை: உள்ளூரிலேயே கிடைக்கும்

வரப்பிலும் வேலியிலும் தானாக வளரும் கள்ளிக்குக்கூட மண் தயாரிக்க வேண்டுமா என்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து விவசாயப் பெருமக்கள் கேட்பது இயல்பே. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடியாகும். தென்னிந்தியாவில் ஏராளமான நிலத்தை அடைத்துக்கொண்ட அச்செடி, 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியைக் கொணர்ந்து விட்ட பிறகே அடங்கியது. ஆனால் அது பெருமளவில் மடல் ஒடிந்து விழுந்து, வேர்விட்டுப் பரவிய செடி. விதையிலிருந்து முளைக்கும் அழகுக் கள்ளியின் கதை வேறு.

பல அழகுக் கள்ளிகளின் விதை கடுகைவிடச் சிறியது. முளைத்த கன்று சில வாரங்கள் வரை மிளகு அளவே இருக்கும். அதன் வேர் நூலிழை போன்றது. நீர் தேங்கினால் அழுகிவிடும். முற்றிலும் காய்ந்தால் கருகிவிடும். விலை கொடுத்து வாங்கிய விதையைத் தோட்டத்து மண்ணில் தூவி, முளைத்த இரண்டே வாரத்தில் எல்லாக் கன்றுகளையும் பறிகொடுத்துவிட்டு, விதை சரியில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. விதையே முளைக்காவிட்டால் விதையைச் சந்தேகிக்கலாம். முளைத்தபின் மடிந்தால் முதலில் மண்ணையே சந்தேகிக்க வேண்டும்.

பெயர் முக்கியமல்ல, வேலையே முக்கியம்

கள்ளி வளர்ப்பு பற்றிய வெளிநாட்டு நூல்கள் பியூமிஸ், பெர்லைட், பீட் ஆகியவற்றைச் சிபாரிசு செய்கின்றன. பியூமிஸ் என்பது எரிமலையிலிருந்து வரும் நுரைக்கல். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் சூடாக்கிப் பொரியச் செய்த பொருள். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் மட்கிய பாசி. இவற்றைத் தொலைவிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கூலியே பெருஞ்செலவாகும்.

இப்பொருள்கள் செய்யும் வேலை என்ன என்று பார்த்தால் வழி புலப்படும். நுரைக்கல்லும் பெர்லைட்டும் மணிகளுக்கு இடையில் காற்று நிற்க இடம் தருகின்றன. மணிக்குள்ளே சிறிது ஈரத்தையும் பிடித்து வைக்கின்றன. பீட் ஈரத்தை மெல்ல விடுகிறது. இவ்வேலைகளைச் செய்யும் பொருள்கள் நம் வட்டாரத்திலேயே உள்ளன.

செங்கல் மணி: நுரைக்கல்லுக்கு நல்ல மாற்று இதுவே. செங்கல் சூளையில் உடைந்து கிடக்கும் நாட்டுச் செங்கல்லை வாங்கி நொறுக்கிக்கொள்ளலாம். அரைவேக்காட்டுச் செங்கல் நீரில் கரைந்து சேறாகும். மிகையாக வெந்து உருகிய கல் நீரை உறிஞ்சாது. ஒரு துண்டை ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் காலையில் விரலால் அழுத்திப் பார்க்கவும். நீர் உறிஞ்சியும் கரையாமல் இருந்தால் அது ஏற்றது. இடித்த கட்டடத்துச் செங்கல்லில் சுண்ணாம்பும் சிமெண்டும் ஒட்டியிருக்கும். அவை களர்த்தன்மையைக் கூட்டுவதால் அக்கல் வேண்டாம்.

மணல்: பருமணலே தேவை. ஆறுகளில் அனுமதியின்றி மணல் அள்ளுவது குற்றமாகும். வீடு கட்டுவோரிடம் மீதமுள்ள மணலில் ஒரு கூடை கிடைத்தாலே போதும். கிரஷரில் கிடைக்கும் எம் சாண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள மாவு போன்ற தூளை நீரில் அலசி நீக்கிவிட வேண்டும். மரக்காணம் பக்கத்துக் கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது.

கருக்கிய உமி: அரைகுறையாக எரிந்து கரியாகிய கருநிற உமியே வேண்டும். அரிசி ஆலைக் கொதிகலனில் முற்றிலும் எரிந்த வெளிர்சாம்பல், களர்த்தன்மை உடையது. ஈரம் பட்டால் இறுகவும் செய்யும். கருக்கிய உமியையும் ஒருமுறை நீரில் அலசிச் சேர்ப்பது நல்லது.

தென்னை நார்க்கழிவு: பீட்டுக்கு மாற்று இது. மட்டையை உப்புநீரில் ஊறவைத்த இடங்களிலிருந்து வரும் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். எனவே நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை நீர் மாற்ற வேண்டும்.

வெர்மிகுலைட்: இது நம் மாநிலத்திலேயே, திருப்பத்தூர் அருகே சேவாத்தூரில் வெட்டி எடுக்கப்படும் கனிமம். சூடாக்கிப் பொரித்த வெர்மிகுலைட் கிடைத்தால், நார்க்கழிவில் பாதியைக் குறைத்துக்கொண்டு அதனைச் சேர்க்கலாம். ஈரத்தை அதிகம் பிடிக்குமாதலால் அளவு மிகக் கூடாது.

கடலைத்தோல் வேண்டாம்

திண்டிவனம் என்றாலே நிலக்கடலை. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. இரகங்களின் பெயரிலேயே இவ்வூர் இருக்கிறது. ஆகவே மலிவாகக் கிடைக்கும் கடலைத்தோலைச் சேர்க்கலாமே என்று தோன்றும். மட்காத தோல், மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அழுகலை உண்டாக்கும் பூசணங்களும் அதில் தங்கியிருக்கக்கூடும். கம்போஸ்ட் குழியில் மட்கச் செய்து மற்றப் பயிர்களுக்கு இடலாம். கள்ளி விதைத் தட்டில் இடக்கூடாது. பச்சைச் சாணத்துக்கும் சரியாக மட்காத தொழுவுரத்துக்கும் இது பொருந்தும்.

கலவை அளவு

செங்கல்லையும் மணலையும் முதலில் கொசுவலைக் கம்பியில் சலித்து, கீழே விழும் தூளை நீக்கவும். மேலே நிற்பதில் 3 மி.மீ.க்கு மேற்பட்டதையும் பிரித்துவிடவும். பெரிய துண்டுகளைத் தட்டின் அடியில் பரப்பலாம். கொள்ளளவுக் கணக்கில் செங்கல் மணி 4 பங்கு, பருமணல் 3 பங்கு, அலசிய நார்க்கழிவு 2 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு சேர்க்கவும்.

நீளம் 30 செ.மீ., அகலம் 20 செ.மீ. உள்ள தட்டில் 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப 3 லிட்டர் கலவை பிடிக்கும். பத்துத் தட்டுகளுக்கு 30 லிட்டர். அதற்குச் செங்கல் மணி 12 லிட்டர், மணல் 9 லிட்டர், நார்க்கழிவு 6 லிட்டர், உமிக்கரி 3 லிட்டர் தேவை. கலக்கும்போது அளவு சற்றுக் குறையுமாதலால், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளவும்.

இரண்டு சோதனைகள்

முதலாவது வடிகால் சோதனை. அடியில் துளையுள்ள தொட்டியில் கலவையை நிரப்பி நீர் ஊற்றவும். நீர் மேலே நிற்காமல் உடனே இறங்க வேண்டும். பிறகு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் தூள் மிகுதி என்று பொருள். மறுபடியும் சலிக்க வேண்டும்.

இரண்டாவது உப்புச் சோதனை. ஒரு கொட்டாங்கச்சியில் இக்கலவையையும், மற்றொன்றில் கீரை நன்றாக வளரும் பாத்தி மண்ணையும் இட்டு, இரண்டிலும் கடுகு விதைக்கவும். கலவையில் மட்டும் முளைப்புக் குன்றினாலோ, இலை நுனி கருகினாலோ, நார்க்கழிவையும் மணலையும் மீண்டும் அலச வேண்டும். நாலணாக் கடுகுக்கும் பெறாத இச்சோதனை, விலை உயர்ந்த விதையைக் காப்பாற்றும்.

விதைப்பு

கலவையைச் சற்றே ஈரமாக்கித் துணியில் கட்டி, இதற்கென ஒதுக்கிய பழைய இட்லிக் கொப்பரையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடவும். இதனால் நாற்றழுகல் நோயை உண்டாக்கும் பூசணங்கள் ஒழியும். பெரும்பாலான கள்ளி விதைகள் முளைக்க வெளிச்சம் தேவை. எனவே மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவினாலே போதும். தட்டை நீருள்ள தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்து, பாலிதீன் தாளால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கவும். முளை கண்டபின் தாளைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றுக்குப் பழக்க வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் மழைநீரைச் சேமித்து ஊற்றுவது சிறந்தது.

அழுகல் தென்பட்டால் அப்பகுதிக் கன்றுகளை உடனே நீக்கி, லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து ஊற்றலாம்.

இவ்வட்டாரத்தில் தை, மாசி மாதங்கள் விதைப்புக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை தொல்லை தரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழைக்குக் கூரையும் வேண்டும். சாரலில் நனைந்தாலும் நீரை வடித்துவிடும் கலவையும் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லா விதையையும் ஒரே சமயத்தில் தூவாமல், ஒரு தட்டில் மட்டும் விதைத்துப் பார்க்கவும். ஒரு மாதம் கழித்துக் கன்றுகள் நிமிர்ந்து நின்றால், அதே செங்கல், அதே மணல் கொண்டு மற்றத் தட்டுகளையும் நிரப்பலாம்.