நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஆய்வேட்டின் ஹெடரும் பக்க எண்ணும்

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே பல்கலைக்கழகமானது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதோடு எங்கள் கரையோர வீடுகளுக்குள்ளும் ஆய்வேடு வந்துவிட்டது. ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் கல்முனைக் கடையொன்றில் ஒரு தங்கச்சியின் பிரதியைப் புரட்டினேன். ஐந்தாம் அத்தியாயத்தின் உச்சியிலும் ‘முன்னுரை’ என்றே நின்றது. மாதக்கணக்கில் பாடுபட்ட பிள்ளை, கண் கலங்கி நின்றது. இதுபோன்ற தொல்லைகளுக்குக் காரணமான நான்கு தவறான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது அத்தியாயத் தலைப்பு.

உண்மை: நம் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. வேர்டு மென்பொருளுக்கு அது கொஞ்சம் பெருத்த வரி, அவ்வளவுதான். தலைப்பில் கேர்சரை வைத்து, ஹோம் பட்டியிலுள்ள ‘ஹெடிங் 1’ ஸ்டைலைக் கொடுங்கள். பொருளடக்கம், ஹெடர், அத்தியாய இலக்கம் மூன்றும் தேடி வருவது இந்த அடையாளத்தைத்தான்.

நம்பிக்கை 2: அத்தியாயத்துக்கொரு ஹெடர் வேண்டுமென்றால் அத்தியாயத்துக்கொரு ஃபைல் வேண்டும்.

உண்மை: ஒரே ஃபைல் போதும். பக்கத்தின் மேற்பகுதியை இரண்டு முறை கிளிக் செய்து ஹெடருக்குள் போங்கள். இன்சர்ட், குவிக் பார்ட்ஸ், ஃபீல்ட் என்று போய் ‘ஸ்டைல்ரெஃப்’ஐ எடுத்து, ‘ஹெடிங் 1’ஐத் தெரிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்தில் அத்தியாயத் தலைப்பு இருந்தால் அதையே காட்டும். இல்லாவிட்டால் முன்னைய பக்கங்களில் தேடி, கடைசியாக வந்த தலைப்பை எடுத்துவரும். மேற்பார்வையாளர் தலைப்பை மாற்றச் சொன்னாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

நம்பிக்கை 3: கன்ட்ரோலையும் என்டரையும் அழுத்திப் புதுப் பக்கம் எடுத்தால், அங்கிருந்து பக்க எண்ணை 1 ஆக்கலாம்.

உண்மை: அது பேஜ் பிரேக், எழுத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், எண்ணைப் பிரிக்காது. முன்பக்கங்கள் முடியும் இடத்தில் லேஅவுட், பிரேக்ஸ் வழியே ‘நெக்ஸ்ட் பேஜ்’ செக்ஷன் பிரேக் போடுங்கள். பிறகு ‘ஃபோர்மட் பேஜ் நம்பர்ஸ்’இல் முதற்பகுதிக்கு ரோமன் எண்ணையும், அடுத்த பகுதிக்கு ‘ஸ்டார்ட் அட் 1’ஐயும் கொடுங்கள். முன்பக்கங்களில் அத்தியாயத் தலைப்பு வேண்டாமென்றால், இரண்டாம் பகுதியின் ஹெடரில் ‘லிங்க் டு பிரீவியஸ்’ஐ அணைத்த பிறகே முதற்பகுதியில் அழியுங்கள். ரோமன் எண்ணை வெறும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். அந்நாளில் அச்சகங்களில் நூலின் உடல் முடிந்த பிறகே முகவுரையும் பொருளடக்கமும் அச்சேறின. அவை எத்தனை பக்கம் நீண்டாலும் உள்ளே உள்ள எண் குலையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

‘3-12’ போல அத்தியாய எண்ணும் சேர்ந்து வரவேண்டுமா? ‘ஃபோர்மட் பேஜ் நம்பர்ஸ்’ பெட்டியிலேயே ‘இன்குளூட் சாப்டர் நம்பர்’ இருக்கிறது. ஹெடிங் 1க்கு மல்டிலெவல் லிஸ்ட் வழியே இலக்கம் கொடுத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

நம்பிக்கை 4: இதெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான், தமிழுக்குச் சரிவராது.

உண்மை: சரிவராதது பாமினி போன்ற பழைய ஃபொன்ட்கள். அவை ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. ஹெடரின் ஃபொன்ட் வேறாக இருந்தால் ‘முன்னுரை’ ஆங்கில எழுத்துக் குவியலாகும். ஹெடரையும் பாமினியாக்கினால் ரோமன் நான்கு ‘ைஎ’ என்று வரும். யுனிகோடில் தட்டச்சு செய்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

கடைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் தெரிவு செய்து எஃப் 9ஐ அழுத்துங்கள்; பொருளடக்கம் புதுப்பிக்கப்படும். பிடிஎஃப் ஆக்கி மூன்று இடத்தைப் பாருங்கள்: கடைசி ரோமன் பக்கம், பக்கம் 1, கடைசி அத்தியாயத்தின் தொடக்கம். மூன்றும் சரியென்றால் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.