வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

பாட்டியின் கையில் புதிய மருந்துப் பெட்டி இருக்கிறது. அதன்மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். பேரன் தன் திறன்பேசியின் படக்கருவியை அதன்மீது காட்டுகிறான். ஓரிரு நொடிகளில், “உணவுக்குப் பின் ஒரு மாத்திரை” என்று தமிழில் குரல் ஒலிக்கிறது. “இந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு அறிவா!” என்று பாட்டி வியக்கிறார். ஆனால், அந்த வேலை முழுவதையும் திறன்பேசியே செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பகுதியை அது வேறொரு கணினியிடம் ஒப்படைத்திருக்கலாம்.

சட்டைப்பையில் அடங்கும் கருவிக்கு வரம்புகள் உண்டு. அதன் மின்கலம் சிறியது. கடினமான கணக்கீடுகளைத் தொடர்ந்து செய்தால் கருவி சூடேறும், வேகமும் குறையும். நம் வீட்டு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். விருந்தினர் இருவர் வந்தால் நாமே தேநீர் கலக்கிறோம். இருபது பேர் வந்துவிட்டால் பக்கத்து உணவுக்கடையில் சொல்லி வாங்குகிறோம். ஐந்நூறு பேருக்குத் திருமண விருந்து என்றால் பெரிய சமையற்கூடத்தை நாடுகிறோம். திறன்பேசிக்கும் இத்தகைய மூன்று வழிகள் உள்ளன.

பெரிய சமையற்கூடம் போன்றது மேகக் கணிமை. பெயரில் மேகம் இருந்தாலும் வானத்தில் எதுவும் இல்லை. தரவு மையங்கள் என்னும் கட்டடங்களில் ஆயிரக்கணக்கான சேவையகங்கள் இரவுபகலாக இயங்குகின்றன. அவற்றின் ஆற்றலுக்குக் குறைவில்லை, தொலைவுதான் சிக்கல். கண்ணாடியிழைக் கம்பிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு செய்தி அங்குச் சென்று திரும்ப, குறைந்தது 0.15 நொடி ஆகும். மொழிபெயர்ப்புக்கு இந்தத் தாமதம் பெரிதன்று. ஆனால், சாலையைக் கடக்கும் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் கருவிக்கு இது பெரிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், அந்த 0.15 நொடியில் 2.5 மீட்டர் நெருங்கிவிடும்.

இதற்குத் தீர்வாக அமைந்ததே விளிம்புக் கணிமை. இதுதான் நமது பக்கத்து உணவுக்கடை. கைப்பேசிக் கோபுரத்தின் அருகிலோ, ஒரு கட்டடத்தின் உள்ளேயோ சிறிய சேவையகத்தை வைத்துவிட்டால் செய்தி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் பயின்றவரும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மகாதேவ் சத்தியநாராயணன், தம் சக ஆய்வாளர்களுடன் 2009ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார். அத்தகைய சிறிய மேகத்திற்கு அவர்கள் ‘கிளவுட்லெட்’ என்று பெயரிட்டனர்.

எதை எங்கே செய்வது என்பதை எப்படி முடிவு செய்வது? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். படத்தின் அளவு 4 மெகாபைட். இணையம் நொடிக்கு 1 மெகாபைட் அனுப்புகிறது என்று கொள்வோம். அனுப்ப 4 நொடி. சேவையகம் வேலையை முடிக்க 1 நொடி. ஆக மொத்தம் 5 நொடி. அதே வேலையைத் திறன்பேசி 3 நொடியில் முடிக்குமானால், அனுப்புவது வீண். 20 நொடி எடுக்குமானால், அனுப்புவதே மேல். படத்தை அனுப்பவும் மின்கலம் செலவாகும் என்பதால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த எல்லைக்கோடு நிலையானதன்று. 2011இல் ஆப்பிள் நிறுவனத்தின் ‘சிரி’ குரல் உதவியாளர் ஐபோனில் அறிமுகமானபோது, பயனர் பேசியதைப் புரிந்துகொள்ளத் தொலைவிலிருந்த சேவையகங்களை நாடியது. 2021 முதல், புதிய வகை ஐபோன்கள் பேச்சை அடையாளம் காணும் வேலையைத் தாமே செய்யத் தொடங்கின. கருவியின் ஆற்றல் பெருகியதால், வெளியே சென்ற வேலை வீடு திரும்பியது.

இதில் வேகத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. மருந்துப் பெட்டியின் படம் வெளியே போகும்போது, பாட்டிக்கு என்ன நோய் என்ற செய்தியும் உடன் போகிறது. ஆழமறியாமல் காலை விடக்கூடாது. செயலி கேட்கும் ஒவ்வோர் அனுமதிக்கும் ‘சரி’ என்று அழுத்துவதற்கு முன், எது வெளியே செல்கிறது என்று பார்க்க வேண்டும். மேலும், ஒப்படைத்த வேலை மறைந்துவிடுவதில்லை. இடம் மட்டுமே மாறுகிறது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே சென்றது. நம் மின்கலத்தில் மிச்சமாகும் மின்சாரத்தை வேறோரிடத்தில் யாரோ செலவிடுகிறார்கள்.

பாட்டி அடுத்த மாதம் தோட்டப்புறத்திலுள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறார். அங்கே இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்காது. பேரன் மொழித்தொகுப்பைத் திறன்பேசியிலேயே பதிவிறக்கம் செய்து வைக்கிறான். பிறகு, மருந்தாளரிடம் கேட்டு, உட்கொள்ளும் வேளைகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டுகிறான். எந்த வேலையை எவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.