முட்செடியும் கம்பளிக் குல்லாயும்

கருவி வலியதாயின் வேலை செம்மையாகும் என்று கருதுவோர் பலர். சில தொழில்களுக்கு வலிமையினும் மென்மையே மிகுதியும் வேண்டும். துனீசிய நாட்டின் சிவப்புக் கம்பளிக் குல்லாய் இதற்குச் சான்றாகும். அந்நாட்டார் அதனை ஷாஷியா என்பர்.

துனீசியா ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ளது. 1609-ஆம் ஆண்டு முதல் ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மரபினருள் பலர் அங்குக் குடியேறினர். உடைமைகளை இழந்து வந்த அவர்கள், கைத்திறனையே முதலாகக் கொண்டு இத்தொழிலை வளர்த்தனர்.

முதற்கருவி பின்னல் ஊசி. பெண்கள் தத்தம் இல்லங்களிலிருந்து, வெண்ணிறக் கம்பளி நூலால் குல்லாயைப் பின்னுவர். அது தலையளவினும் மிகப் பெரிதாகப் பை போன்றிருக்கும். அடுத்து அதனை வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் நனைத்து அடித்துத் துவைப்பர். கம்பளி இழையின்மேல் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. வெம்மையாலும் அடியாலும் அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, குல்லாய் சுருங்கித் தடித்து இறுகும்.

இனி வருவதே அரிய கருவி. அஃது ஒருவகை முட்செடியின் உலர்ந்த பூந்தலை. அதனைச் சுற்றிலும் நுனி வளைந்த சிறு முட்கள் நெருங்கி நிற்கும். தொழிலாளர் அதனால் குல்லாயை மெல்ல வருட, இழைகளின் நுனிகள் மேலெழுந்து பட்டுப்போன்ற மேற்பரப்பு உண்டாகும். இழை எங்கேனும் இறுகச் சிக்கினால், வன்மையான இரும்புக் கொக்கி அதனை அறுத்துவிடும். முள்ளோ தான் ஒடிந்து இழையைக் காக்கும். இதன் பின்னரே சாயம் ஏற்றி, அச்சில் மாட்டி, குல்லாய்க்கு வடிவம் தருவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகளின் மலிவான குல்லாய்கள் சந்தையில் நிறைந்தன. பின்னர்க் குல்லாய் அணியும் வழக்கமும் குறைந்தது. துனிஸ் நகரின் பழைய கடைவீதியில் இன்று சிலரே இத்தொழிலைச் செய்கின்றனர்.

முட்செடி ஆண்டுதோறும் முளைக்கும். அதனை எவ்வளவு அழுத்த வேண்டும் என்னும் அறிவோ நூலில் அடங்குவதன்று. முதியவர் கையைப் பார்த்தே இளையவர் கை அதனைக் கற்கிறது. கற்பார் இல்லையேல், கருவி இருந்தும் தொழில் அழியும்.