பூ மணக்கும் ஊரில் பிளைவுட் நெடி எதற்கு?

தோவாளையில் வீட்டு வேலை தொடங்குமுன் காற்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். தாண்டினால் முப்பந்தல் காற்றாலைகள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை வைத்து அங்கே கரண்ட் எடுக்கிறார்கள். நாமோ அதே காற்றுக்குச் சன்னலை அடைத்துவிட்டு ஏசி வாங்குகிறோம்.

எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்தபோது மேற்குச் சுவரில் பெரிய சன்னல் கேட்டேன். “மேக்க வச்சா சாரல் உள்ள வரும்லா அண்ணாச்சி” என்றார் கொத்தனார். நியாயம்தான், இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். சன்ஷேடை நன்றாக வெளியே நீட்டி, எதிரே கிழக்கிலும் ஒரு சன்னல் திறந்தோம். வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது. வெக்கையும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் தரைப்பரப்பில் 6-ல் 1 பங்கு சன்னல் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஆசாரியைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போய், சாய்வான மரச் சட்டங்கள் அடித்த அந்தச் சன்னல்களைக் காட்டுங்கள். நூறு படம் வரைவதைவிட அது மேல்.

சுவர்தான் பெரிய பாடு. அடிப்பகுதியில் ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. சிமென்ட் பூசி, புட்டி வைத்து மறைத்துவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைக்க, ஈரம் இன்னும் மேலே ஏறும். அதனால் முதலில் ஈரம் வரும் வழியை அடைத்தோம். ஓட்டுத் தண்ணீர் சுவரோரம் விழாமல் பாத்தி கட்டினோம். சுவரை ஒட்டி உயர்ந்திருந்த புறவாசல் மண்ணை வெட்டி இறக்கினோம். கோடை முழுக்கக் காயவிட்ட பிறகே மறுபடி சுண்ணாம்பு. ஈரத்தில் பூசணம் பிடித்த அறை ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

சுவருக்கு அடுத்தது மர வேலை. பிளைவுட் பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கசிவு குறைவு என்று காட்டும் ‘ஈ-0’ அல்லது ‘ஈ-1’ முத்திரை பார்த்து வாங்கி, வெட்டிய ஓரங்களையும் மூடச் சொல்லுங்கள். பெயின்ட் காயுமுன் பால் காய்ச்சிக் குடியேற அவசரப்பட வேண்டாம். பழைய கதவு, நிலைகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்துக்கான 90 பிபிஎம் வரம்பு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அவற்றை உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

புறவாசலில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சம்மட்டியால் உடைக்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்கிறவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.