குசினிக்குள் எது எங்கே? – புது வீட்டுக்கு ஒரு மனைப்பொருளியல் பாடம்

புதிதாக வீடு கட்டும் குடும்பங்களில் முன்விறாந்தையின் தூண், வரவேற்பறையின் கூரை, தரைக்குப் போடும் டைல்ஸ் ஆகியவற்றைப் பற்றி நாட்கணக்கில் பேசுவார்கள். குசினியைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் "பென்ட்ரிக்கு என்ன நிறம்?" என்பதோடு முடிந்துவிடும். ஆனால், அந்த வீட்டில் ஒருவர் அதிக நேரம் நின்று வேலை செய்யப் போவது வரவேற்பறையில் அல்ல, குசினியில்தான். நெருப்பு, தண்ணீர், மின்சாரம், கூரிய கத்தி ஆகிய நான்கும் ஒரே அறைக்குள் சந்திப்பதும் அங்கேதான்.

நான் உயர்தரத்தில் மனைப்பொருளியல் கற்கும் மாணவி. கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊர் வழக்கப்படி, ராத்தாவுக்காக வாப்பா ஒரு வீடு கட்டிக் கொண்டிருக்கிறார். அந்த வீட்டின் வரைபடம் மேசைக்கு வந்த நாட்களில்தான் வகுப்பில் சமையலறைத் திட்டமிடல் பற்றிக் கற்றுக் கொண்டிருந்தோம். பாடத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன். வீடு கட்டும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

நடையைக் கணக்கிடுதல்

சமையலறை வேலையை ஆராயத் தக்க ஒரு வேலையாக முதலில் நோக்கியவர்களுள் அமெரிக்கப் பெண்மணி கிறிஸ்டீன் பிரெடரிக் முக்கியமானவர். பொருட்கள் ஒழுங்கின்றி வைக்கப்பட்ட குசினியில் ஒரு பெண் எவ்வாறு வீணாக அங்குமிங்கும் நடக்கிறாள் என்பதை 1913இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார். பின்னர், பன்னிரண்டு பிள்ளைகளின் தாயான பொறியியலாளர் லில்லியன் கில்பிரெத், தொழிற்சாலைகளில் தொழிலாளரின் அசைவுகளை அளந்த அதே முறையால் சமையலறையையும் அளந்தார். 1926இல் ஜேர்மனியின் பிராங்பேட் நகரில், மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், சுமார் 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட சிறிய சமையலறையொன்றை வடிவமைத்தார். புகையிரதத்தின் உணவுப் பெட்டியிலுள்ள ஒடுங்கிய சமையலறையும் அவருக்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது. அவ்வாறான சமையலறைகள் அந்நகரில் சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டன.

1940களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளால் 'வேலை முக்கோணம்' என்ற கருத்து பரவியது. குளிர்சாதனப்பெட்டி, கழுவும் தொட்டி, அடுப்பு ஆகிய மூன்றையும் மூன்று புள்ளிகளாகக் கொண்டு கோடிட்டால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்கும் 9 அடிக்கும் இடையிலும், மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 13 அடிக்கும் 26 அடிக்கும் இடையிலும் இருப்பது நல்லது. அதைவிடக் கூடினால் கால் வலிக்கும். குறைந்தால் சட்டி வைக்க இடமிராது.

ராத்தாவின் வீட்டு முதல் வரைபடத்தில் குசினி 12 அடிக்கு 10 அடி. அடுப்பு ஒரு சுவரில், தொட்டி எதிர்ச் சுவரில். குளிர்சாதனப்பெட்டியோ, நம்மில் பலர் வீடுகளில் உள்ளதுபோல, சாப்பாட்டு மண்டபத்தில். பக்கங்களை அளந்தேன்: 9 அடி, 17 அடி, 14 அடி. மொத்தம் 40 அடி. ஒரு வெள்ளிக்கிழமை உம்மா பகல் சாப்பாடு ஆக்கும்போது அடுப்படியிலிருந்து எத்தனை தடவை குளிர்சாதனப்பெட்டிக்குப் போகிறார் என்று எண்ணினேன். ஒன்பது தடவை. புதிய வீட்டில் அதே சாப்பாட்டை ஆக்க, போக 14 அடி, வர 14 அடி என்று அதற்கு மட்டும் 252 அடி நடக்க வேண்டும். அதுவும் ஒரு வேளைக்கு.

குளிர்சாதனப்பெட்டியைக் குசினிக்குள் கொண்டு வந்து, தொட்டியை யன்னலுக்குக் கீழே வைத்து, மூலையைத் தாண்டி அடுத்த சுவரில் அடுப்பை வைத்தபோது முக்கோணம் நாலரை அடி, 5 அடி, 9 அடி என்றானது. மொத்தம் பதினெட்டரை அடி. அறை பெரிதாகவில்லை, செலவும் கூடவில்லை.

நமது குசினி ஒருவருக்கானது அல்ல

பிராங்பேட் சமையலறை ஒருவர் தனியாக வேலை செய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. இன்னொருவர் உள்ளே வந்தால் இடமில்லை; பிள்ளைகளைப் பார்வையில் வைத்திருக்கவும் முடியாது என்று பின்னாளில் குறை கூறப்பட்டது. நமது வீடுகளிலோ உம்மா கறிக்குத் தாளிக்க, சாச்சி வெங்காயம் வெட்ட, ராத்தா பாத்திரம் கழுவ, சின்னவள் இடையில் ஓடித் திரிவாள். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலத்தை நினைத்துப் பாருங்கள்! ஆகவே ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் பின்னால் கடந்து செல்ல, நடைபாதை 4 அடியாவது இருக்க வேண்டும். பின்கதவுக்குப் போகும் வழி, அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஊடறுத்துச் செல்லக் கூடாது. கொதிக்கும் கஞ்சிப் பானையோடு திரும்புபவர் மீது பிள்ளை வந்து மோதுவது அங்கேதான் நிகழும். கழுவும் தொட்டியை வாங்குமுன் வீட்டிலுள்ள மிகப் பெரிய சஹனை எடுத்துச் சென்று அளந்து பாருங்கள். சஹன் இறங்காத தொட்டியால் விருந்து நாளில் பயனில்லை.

நெருப்பும் எரிவாயுவும்

அடுப்பை யன்னலுக்கு நேர்கீழே வைக்கலாகாது. காற்றில் சுவாலை அணைந்தால் எரியாத வாயு வெளியேறும். திரைச்சீலை பறந்து தீயிலும் விழலாம். அடுப்பின் இருபுறமும் ஓரடி அளவாவது வெறும் மேடை வேண்டும். சூடான சட்டியை இறக்க இடமில்லாவிட்டால் அதைத் தூக்கிக் கொண்டு நடக்க நேரும். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே 2 அடி விட்டால், கொதி எண்ணெயில் தண்ணீர் தெறிப்பதைத் தவிர்க்கலாம்.

நாம் பயன்படுத்தும் திரவ பெற்றோலிய வாயு, காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே எழாது; தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். எனவே காற்றோட்டமில்லாத மூடிய அலுமாரிக்குள்ளும், பள்ளத்திலும், வடிகான் அருகிலும் சிலிண்டரை வைக்கக் கூடாது. நிமிர்த்தியே வைக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே நிழலில், காற்று நுழையும் கூட்டுக்குள் வைத்துப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு குழாய் இழுப்பது நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால், அலுமாரிக் கதவின் அடிப்பகுதியில் துவாரங்கள் அவசியம். வாயு மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் நேர்ந்த வாயு வெடிப்புகளை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

விறகடுப்பு வைப்போர் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். எங்கள் கரையில் கச்சான் மேற்கிலிருந்து வீசும்; வாடை வடகிழக்கிலிருந்து வரும். இரண்டு பருவத்திலும் புகை வீட்டுக்குள் திரும்பாத பக்கத்தைத் தெரிந்து புகைபோக்கியை உயர்த்த வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும்

நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஒரு செருகித் தளம் தாங்குவது 13 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2990 வாற்று. 2000 வாற்று மின்கேத்தலையும் 1200 வாற்று மைக்ரோவேவையும் ஒரே நீட்டிப்பு வயரில் சேர்த்துப் போட்டால் 3200 வாற்று ஆகிவிடும். வயர் சூடேறுவதற்கு அதுவே காரணம். பௌதிகவியல் பாடத்தில் நாம் செய்யும் கணக்கு, குசினிச் சுவரில் இப்படித்தான் வந்து நிற்கிறது.

ஆகவே எந்தப் பொருள் எங்கே நிற்கும் என்பதை முதலில் தீர்மானித்து, அதன்பின்னரே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செருகித் தளம் வைக்க வேண்டும். அது மேடைக்கு மேலே, தொட்டியிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளி இருக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பைத் தகுதி பெற்ற மின்னிணைப்பாளரே செய்ய வேண்டும்.

குளிர்சாதனப்பெட்டி தன்னுள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளி வேலை செய்கிறது. அடுப்பின் அருகிலோ வெயில் விழும் யன்னலோரத்திலோ அதை வைத்தால் அதிக மின்சாரம் செலவாகும். பின்புறத்திலும் மேலேயும் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து, எடுத்த பொருளை வைக்கப் பக்கத்திலேயே சிறிது மேடை அமைக்க வேண்டும். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்று நேரே படும் இடத்தைத் தவிர்த்தால் துருவும் தாமதமாகும்.

ரைஸ்குக்கரைத் தொங்கு அலுமாரிக்கு நேர்கீழே வைத்தால் ஆவி பட்டுப் பலகை ஊதிவிடும். மைக்ரோவேவைத் தோளுக்கு மேலே வைத்தால், சூடான கறியை முகத்துக்கு மேலிருந்து இறக்க வேண்டி வரும். ஆகவே தோளுக்குக் கீழேயே அதன் இடம். மின்கேத்தலின் வயர் மேடை விளிம்பில் தொங்கினால், அது சிறு பிள்ளையின் கைக்கு எட்டும். பாரமான கிரைண்டரை அலுமாரிக்குள் ஒளித்து வைத்தால், எடுக்கச் சோம்பி அது உள்ளேயே கிடக்கும்.

உடம்புக்கு ஏற்ற உயரம்

பென்ட்ரி மேடை வழக்கமாக 3 அடி, அதாவது சுமார் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைக்கப்படுகிறது. வேலை செய்பவரின் முழங்கையை விட 10 முதல் 15 சென்ரிமீற்றர் தாழ்வாக மேடை இருப்பதே முறை. உம்மாவை நிற்க வைத்து அளந்தேன். முழங்கை உயரம் 95 சென்ரிமீற்றர். அப்படியானால் அவருக்கு 80 முதல் 85 சென்ரிமீற்றர் மேடையே பொருந்தும். ராத்தாவும் ஏறக்குறைய அதே உயரம். பிறருக்காக வகுத்த அளவில் நின்று தோள்பட்டை வலிக்கு மருந்து பூசிக் கொண்டிருப்பதை விட, மேடையைத் தாழ்த்துவது இலகு.

மூத்தம்மாவுக்கு நின்று வேலை செய்ய முடியாது, முழங்கால் வலி. ஆனால் தேங்காய் துருவுவதை அவர் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. திருத்திய வரைபடத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "எல்லாத்துக்கும் இடம் வெச்சிருக்கீங்க. எனக்குக் குந்துறதுக்கு எங்க மகள் இடம்?"

எந்தப் பாடநூல் முக்கோணத்திலும் அந்தக் கேள்வி இல்லை. பின்கதவோரத்தில், யாரும் கடந்து போகாத மூலையில், ஒன்றரை அடி உயரத்தில் சீமெந்துத் திண்ணை ஒன்றைச் சேர்த்தோம். துருவலை வைக்கப் பக்கத்தில் ஒரு தட்டு, எழும்பும்போது பிடிக்கச் சுவரில் ஒரு கம்பி. குசினியில் இடமில்லாத வயோதிபர் மெல்ல மெல்லக் குசினிப் பேச்சிலிருந்தும் விலகிப் போய்விடுவார். அவரோடு அவருடைய கைப்பக்குவமும் போய்விடும்.

எப்போது கேட்பது?

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று, கேட்கும் நேரம். குழாயும் மின்வயரும் சுவருக்குள் போன பின்னர், சீமெந்து பூசிய பின்னர், "இது சரியா?" என்று கேட்டால் உம்மாமார் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். பூசிய சுவரை உடைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்தப் 'பரவாயில்லை'யைச் சுமந்துகொண்டு அவர்கள் இருபது முப்பது வருடங்கள் நடக்க வேண்டியிருக்கும். வாப்பாவும் மேசன் பாஸும் பேசும் இடத்தில், சமைப்பவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செயற்பாடு

1. உங்கள் குசினியை 1 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் என்ற அளவில் கட்டமிட்ட தாளில் வரையுங்கள்.

2. அடுப்பு, தொட்டி, குளிர்சாதனப்பெட்டி ஆகியவற்றைக் கடதாசியில் வெட்டி வைத்து முக்கோணத்தை அளவிடுங்கள்.

3. ஒரு வேளைச் சமையலின்போது உம்மா எங்கே எத்தனை தடவை போகிறார் என்று எண்ணுங்கள்.

4. ஒவ்வொரு மின் உபகரணத்தின் அடியிலும் உள்ள வாற்று அளவைப் பார்த்து, ஒரே செருகித் தளத்தில் எவை சேர்ந்திருக்கின்றன என்று கூட்டிப் பாருங்கள்.

5. வீட்டில் சமைக்கும் ஒவ்வொருவரிடமும், "இந்தக் குசினியில் எதை இடம் மாற்ற ஆசை?" என்று கேட்டு விடையை எழுதுங்கள்.

புது வீடு கட்டுவோர் கடதாசியோடு நிற்க வேண்டாம். அத்திவாரம் எழும்பி, உள்ளே மண் நிரப்பியதும், சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் அடுப்பையும் தொட்டியையும் கோடிட்டு, சமைப்பவரை அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கோட்டை அழித்துப் போடக் காசு தேவையில்லை.